தேற்றம் தெரியும், மேற்கோள் கிடைக்கவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஆய்விதழுக்கு அனுப்பிய என் பேப்பரைச் சரிபார்த்த ரெஃபரியின் அறிக்கையில் மற்றதெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில் "இது நன்கு அறியப்பட்டதே" என்று நான் எழுதிவிட்டு நகர்ந்த இடத்தில் மட்டும் ஒற்றைச் சொல்லில் ஒரு கேள்வி: "எங்கே?" அதற்குப் பதில் தேட ஏழு வாரம் ஆனது. காட்பாடியில் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, தரமணி கணித அறிவியல் நிறுவன நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பியது இரண்டு தடவை. கடைசியில் பார்த்தால், வேண்டிய வாக்கியம் என் மேஜையிலேயே இருந்த புத்தகத்தில், அத்தியாய முடிவுப் பயிற்சி ஒன்றாக இருந்தது.

அதற்கப்புறம் இதே நோயோடு என்னிடம் வந்த ஆய்வு மாணவர்கள் பல பேர். வேலூர், ஆற்காடு, திருப்பத்தூர் பக்கக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். நோய் ஒன்றானாலும் அறிகுறிகள் வேறு, மருந்தும் வேறு. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்டாதீர்கள்.

தொடங்குமுன்

பெரும்பாலும் உரையாடல் இப்படித்தான் போகும். "சார், இது தெரிஞ்ச ரிசல்ட்தான், ரெஃபரன்ஸ் மட்டும் வேணும்." "சரிப்பா, ரிசல்ட்டைச் சொல்லு." "அதாவது சார், அந்த மாட்யூல் ஃப்ரீயா இருக்கும்." "எந்த ரிங் மேல? ஃபைனைட்லி ஜெனரேட்டடா? லோக்கலா?" அங்கே அமைதி. எந்த வாக்கியம் வேண்டும் என்று தெரியாமல் அதற்கு மேற்கோள் தேட முடியாது. ஒரு தாளில் எல்லா நிபந்தனைகளையும் போட்டு முழு வாக்கியமாக எழுதுங்கள். கீழே, அந்த முடிவு உங்கள் நிரூபணத்தில் எந்த வரியில் பயன்படுகிறது என்று எழுதுங்கள். அந்த வரிக்குப் பாதி வலுவுள்ள முடிவே போதும் என்று பல சமயம் தெரியவரும். அந்தப் பாதி எம்.எஸ்சி. பாடப்புத்தகத்திலேயே இருக்கும்.

அறிகுறி: வாக்கியம் இருக்கிறது, பெயர் தெரியவில்லை, கூகுளில் போட்டால் ப்ளஸ் டூ பாடம் வருகிறது

சாதாரணத் தேடுபொறிக்குச் சூத்திரம் புரியாது. சொல்தான் புரியும். ஆகவே சூத்திரத்தைச் சொல்லாக்குங்கள். ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரு துறையில் "லேட்டிஸ்" என்பது வரிசையமைப்பு, இன்னொன்றில் யூக்ளிடிய வெளியில் உள்ள டிஸ்க்ரீட் உட்குலம். இரண்டு கூட்டமும் ஒரே சொல்லில் வந்து குழப்பும். அதைப் பிரிக்கத்தான் கணிதப் பாட வகைப்பாட்டு எண் இருக்கிறது. இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம். 11 என்றால் எண் கோட்பாடு, 20 என்றால் குலக் கோட்பாடு. 14எச்60 என்றால் வளைவரைகள் மேலுள்ள வெக்டர் பண்டில்கள். உங்கள் பேப்பருக்கு நெருங்கிய ஏதாவது ஒரு பேப்பரின் எண்ணைப் பார்த்து, அதோடு சொல்லையும் சேர்த்து மேத்சைநெட், இசட்பி மேத் ஓப்பன் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளங்களில் ஒன்றில் தேடினால் கூட்டம் சட்டென்று குறையும். முதலாவதற்குச் சந்தா வேண்டும். இரண்டாவது 2021 முதல் எல்லோருக்கும் இலவசம். 1868 முதல் 1942 வரை வந்த பழைய ஜெர்மன் ஆண்டுநூலின் விமர்சனங்களும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஏன் இன்னும் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

எண்ணிக்கை சம்பந்தப்பட்ட முடிவென்றால் வேறு குறுக்குவழி உண்டு. சின்ன மதிப்புகளுக்குக் கணக்குப் போட்டு, வரும் எண்களை முழு எண் தொடர்களின் இணையக் களஞ்சியத்தில் இடுங்கள். கணிதர் நீல் ஸ்லோன் 1964-ல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் சேர்க்கத் தொடங்கியது; 1996-ல் இணையத்துக்கு வந்தது. 1, 1, 2, 5, 14, 42 என்று போட்டால் கேட்டலான் எண்கள் வந்து நிற்கும், கூடவே பக்கம் பக்கமாக மேற்கோள்கள். உங்கள் தொடர் இவ்வளவு பிரபலமாக இருக்காது. ஆனால் ஐந்தாறு உறுப்புகள் பொருந்தினாலே தேற்றத்தின் பெயர் அங்கே அகப்பட்டுவிடும்.

அறிகுறி: எல்லோரும் "நன்கு அறியப்பட்டது" என்கிறார்கள், ஒருவரும் நிரூபிக்கவில்லை

இது வாய்வழி வந்த சொத்து. இருபது பேப்பரில் இருக்கும், இருபதிலும் "வெல் நோன்" என்றே இருக்கும். புதிய பேப்பர்களில் தேடுவதை நிறுத்துங்கள். புதியவர்கள் எல்லோரும் அந்த வரியை முந்தையவரிடமிருந்து எடுத்தவர்கள். போக வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, அந்தத் துறையின் தடித்த பாடப்புத்தகங்களில் பயிற்சிக் கணக்குகள். அதியா, மெக்டொனால்டு இருவரும் 1969-ல் வெளியிட்ட பரிமாற்று இயற்கணித நூல் கையடக்கமானது. ஆனால் அதன் பயிற்சிகளுக்குள் பாதித் துறை குடியிருக்கிறது. பயிற்சியை மேற்கோளாகக் காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டலாம். ஆனால் அங்கே நிரூபணம் இல்லை என்பதால் மூன்று வரியில் நீங்களே எழுதிச் சேர்ப்பதுதான் மரியாதை. இரண்டாவது, விரிவுரைக் குறிப்புகளும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும். ஆய்வேடு எழுதுபவருக்குத்தான் பக்கக் கட்டுப்பாடு இல்லை; மற்றவர்கள் தாண்டிப் போனதை அவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். மும்பை டாடா நிறுவனத்தின் கணித விரிவுரைக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சீகல் போன்றவர்கள் அங்கே வந்து பாடம் நடத்தியபோது எடுத்த குறிப்புகள் அவை. மூன்றாவது, இயற்கணித வடிவியல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என்ற இணைய நூல். அங்கே ஒவ்வொரு லெம்மாவுக்கும் (துணைத் தேற்றத்துக்கும்) நான்கு எழுத்து டேக் உண்டு. நூல் வளர வளர லெம்மா எண் மாறும், டேக் மாறாது. எண்ணைக் குறிக்காதீர்கள், டேக்கைக் குறியுங்கள்.

அறிகுறி: அவர் இவரைக் காட்டுகிறார், இவர் வேறொருவரைக் காட்டுகிறார், கடைசி ஆளிடம் அந்தத் தேற்றமே இல்லை

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசிய காலம் ஒன்று இருந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், கல்யாண மண்டபத்துச் சிற்பம், எல்லாம் இருந்தன. மூலவர் மட்டும் சத்துவாச்சாரியில் இருந்தார். 1981-ல்தான் திரும்பக் கோட்டைக்கு வந்தார். மேற்கோள் சங்கிலியிலும் அதே கதைதான். ஊரே கும்பிடும் பேப்பரில் கருவறை காலி. தேற்றம் பக்கத்துத் தெருவில், யாரும் பெயர் சொல்லாத இன்னொரு பேப்பரில் இருக்கும்.

சான்று வேண்டுமா? பர்ன்சைடு லெம்மா. ஒரு குலம் ஒரு கணத்தின் மேல் செயல்படும்போது சுற்றுகளின் எண்ணிக்கை, நிலைப்புள்ளி எண்ணிக்கைகளின் சராசரி என்பது. பர்ன்சைடு தன் 1897 நூலில் இதை ஃப்ரொபீனியஸ் சொன்னதாகவே எழுதினார். ஃப்ரொபீனியஸ் சொன்னது 1887. அதற்கும் முன்னால் 1845-லேயே கோஷியிடம் இதன் வடிவம் இருந்தது. அப்படியும் பெயர் பர்ன்சைடிடமே ஒட்டிக்கொண்டது. 1979-ல் பீட்டர் நியூமன் இது பர்ன்சைடுடையது அல்லாத லெம்மா என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. இப்போது சிலர் அதை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்!

சாமி இரண்டு இடத்தில் பிரிந்து இருப்பதும் உண்டு. ராமானுஜன் 1916-ல் தன் டௌ சார்பைப் பற்றி ஓர் ஊகம் சொன்னார்: பகா எண்களில் அதன் தனிமதிப்பு, அந்தப் பகா எண்ணின் 11/2 அடுக்கின் இரு மடங்கைத் தாண்டாது. நிரூபித்தவர் டெலின், 1974 என்று எல்லோரும் அந்த ஒரே பேப்பரைக் காட்டுவார்கள். திறந்து பாருங்கள், அதில் நிரூபிக்கப்படுவது வெய்ல் ஊகங்களின் கடைசிப் பகுதி. வெய்ல் ஊகத்திலிருந்து ராமானுஜன் ஊகம் எப்படி வருகிறது என்ற பாதியை அவரே 1969-ல் பூர்பாக்கி என்ற பிரெஞ்சுக் கணிதர் குழுவின் கருத்தரங்கில், 355-ஆம் உரையில், சொல்லி முடித்திருந்தார். டௌ சார்பு உங்கள் பேப்பரில் வந்தால் இரண்டையும் காட்டுவதுதான் சரி.

மருந்து என்ன? சங்கிலியில் பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத்தைத் திறந்து தேற்றத்தைக் கண்ணால் பாருங்கள். நிரூபணத்தை எங்கே பார்த்தீர்களோ அதை முதலில் காட்டுங்கள். முதலில் சொன்னவர் யார் என்பது வரலாறு. வேண்டுமானால் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அடைப்புக்குள் திணித்தால் படிப்பவர் எதைத் திறப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

அறிகுறி: பெயர் பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை

ஷூர் என்று போட்டுத் தேடிப் பாருங்கள். குலத்தின் மையத்தால் வகுத்த ஈவு முடிவுறு என்றால் கம்யூட்டேட்டர் உட்குலமும் முடிவுறு என்பது ஷூர் தேற்றம். எண்களை முடிவுறு நிறங்களால் நிறம் தீட்டினால் கூட்டல் சமன்பாட்டுக்கு ஒரே நிறத் தீர்வு கிடைக்கும் என்பதும் ஷூர் தேற்றம். எளிய மாட்யூல்களுக்கிடையிலான ஹோமோமார்ஃபிசம் பற்றியது ஷூர் லெம்மா. வகை வடிவியலிலும் ஒரு ஷூர் இருக்கிறார். பெயரோடு வகைப்பாட்டு எண்ணையும் கட்டாயம் சேருங்கள்.

இதைவிட ஆபத்து, சொல் அதே, அர்த்தம் வேறு. பூர்பாக்கி வழியில் "காம்பாக்ட்" என்றால் ஹௌஸ்டோர்ஃப் நிபந்தனையும் உள்ளடக்கம். பிரெஞ்சில் "பொசிடிஃப்" என்றால் பூஜ்யமும் சேரும். குரோத்தென்டீக்கின் 1960 இயற்கணித வடிவியல் நூலில் "ப்ரீஸ்கீம்" என்பதுதான் இன்றைய ஸ்கீம். அவர் அங்கே "ஸ்கீம்" என்றது இன்றைய செபரேட்டட் ஸ்கீம். 1971 பதிப்பில்தான் மாற்றினார். இதைத் தெரியாமல் 1960 பதிப்பிலிருந்து ஒரு தேற்றத்தை எடுத்தால், உங்கள் கையில் இல்லாத நிபந்தனை ஒன்று அதில் ஒளிந்திருக்கும். எனக்குப் பிடித்தது, "களம்" என்று நாம் மொழிபெயர்த்துவிடும் "கோர்" என்ற பிரெஞ்சுச் சொல். மாணவர் ஒருவர் வந்து, "சார், முடிவுறு களம் எல்லாம் பரிமாற்று விதிக்கு உட்பட்டதுன்னு ஒரு தேற்றம் போட்டிருக்காங்க, இதுக்கு எதுக்கு நிரூபணம்?" என்று சிரித்தார். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் பரிமாற்று விதி கட்டாயமில்லை. அவர் சிரித்தது வெடர்பர்ன் தேற்றத்தைப் பார்த்து.

ரஷ்யப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டல் தொல்லை. செபிஷெவ், டைகொனாஃப் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அரை டஜன் வடிவங்கள் உண்டு. தரவுத்தளத்தின் ஆசிரியர் பக்கத்தில் எல்லா வடிவங்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், அங்கிருந்து நுழையுங்கள். நம்மவர் பெயருக்கு இனிஷியல் தொல்லை. எந்த இயல் எண்ணையும் அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை போதும் என்று கேட்கும் வாரிங் சிக்கலில், ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-ல் நிரூபித்த எஸ். எஸ். பிள்ளையைப் "பிள்ளை" என்று மட்டும் தேடினால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியக் கணிதச் சங்கத்தின் பழைய இதழ்களில் இப்படிப் புதைந்து கிடப்பவை நிறைய.

அறிகுறி: தேற்றம் கிடைத்துவிட்டது, நிபந்தனைதான் உதைக்கிறது

என்னைக் கேட்டால் மற்ற எல்லா அறிகுறியையும்விட இதுதான் தீவிரம். மற்றவற்றில் ரெஃபரி கேள்வி கேட்பார். இதில் அவரும் கவனிக்காமல் விட்டுவிடுவார், தப்பு அச்சேறிவிடும்.

நம் மண்ணின் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். எம். எஸ். நரசிம்மன் 1932-ல் வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்தில் பிறந்தவர். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சி. எஸ். சேஷாத்ரி. இருவரும் சென்னை லயோலாவில் படித்து, மும்பை டாடா நிறுவனத்தில் சேர்ந்து, 1965-ல் வெளியிட்ட தேற்றம் இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது. ஜீனஸ் இரண்டுக்குக் குறையாத காம்பாக்ட் ரீமான் பரப்பின் மேல், டிகிரி பூஜ்யமான ஹோலோமார்ஃபிக் வெக்டர் பண்டில் ஒன்று ஸ்டேபிளாக இருந்தால், அது பரப்பின் அடிப்படைக் குலத்தின் இர்ரெட்யூசிபிள் யூனிட்டரி ரெப்ரசென்டேஷன் ஒன்றிலிருந்து வருகிறது, எதிர்த்திசையும் உண்மை.

இப்போது உங்களுக்கு வேண்டியது எது? டிகிரி பூஜ்யம் என்றால் 1965 பேப்பரே போதும். டிகிரி வேறு என்றால் அதே பேப்பரில் ஃபுக்சியன் குலங்கள் வழியாகச் சொன்ன வடிவத்தைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். அல்லது, ரெப்ரசென்டேஷன் பேச்சே வேண்டாம், வளைவு மாறிலியாக உள்ள யூனிட்டரி கனெக்ஷன் இருந்தால் போதும் என்றால் டொனால்ட்சன் 1983-ல் தந்த புதிய நிரூபணம் உங்கள் இடம். பரப்பில் புள்ளிகள் நீக்கப்பட்டிருந்தால் பாராபாலிக் பண்டில்களுக்கான மேத்தா, சேஷாத்ரி தேற்றம், 1980. பரிமாணம் உயர்ந்தால் டொனால்ட்சன் 1985, உலன்பெக்கும் யாவும் 1986. இத்தனையையும் பேச்சில் "நரசிம்மன், சேஷாத்ரி" என்று ஒரே பெயரில்தான் சொல்வோம். பேப்பரில் அப்படிச் சொல்ல முடியாது. என் மாணவி ஒருத்தி மூன்று புள்ளி நீக்கிய கோளத்தில் வேலை செய்துகொண்டு 1965 என்று எழுதியிருந்தாள். "ஜீனஸ் எவ்வளவும்மா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பூஜ்யம் சார்" என்றாள். நல்லவேளை, தீசிஸ் கட்டுவதற்கு முன்.

ஆகவே இரண்டு பத்தியாகத் தாளைப் பிரித்து, இடப்பக்கம் அவர்கள் நிபந்தனை, வலப்பக்கம் உங்கள் நிலைமை என்று வரிக்கு வரி எழுதுங்கள். தேற்றத்துக்கு மேலே மட்டும் தேடாதீர்கள். "இந்த அத்தியாயம் முழுக்கக் களம் இயற்கணித முறையில் மூடியது" என்ற வாக்கியம் இருபது பக்கம் முன்னால் இருக்கும். புத்தகத்தின் முன்னுரையிலேகூட இருக்கும். நிபந்தனை ஒன்று உதைத்தால், நிரூபணத்தைப் படித்து அந்த நிபந்தனை எங்கே பயன்படுகிறது என்று பாருங்கள். பயன்படவே இல்லை என்றால், அதே நிரூபணம் இங்கும் செல்லும் என்று எழுதி, எந்த அடியில் என்ன மாற்றம் என்றும் சொல்லுங்கள். "அதே நிரூபணம்" என்று சொல்லிவிட்டு அதைச் செய்து பார்க்காமல் விடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பழைய புத்தகத்தில் ஊகம் என்று இருப்பது இன்று தேற்றமாகியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு களத்தின் மேலான பல்லுறுப்பு வளையத்தில் முடிவுறு பிறப்புள்ள ப்ரொஜெக்டிவ் மாட்யூல் எல்லாம் ஃப்ரீயா என்று செர் 1955-ல் கேட்டார். இரண்டு மாறிக்கு 1958-ல் ஆம் என்று காட்டியவர் மேலே சொன்ன அதே சேஷாத்ரி. எத்தனை மாறியானாலும் ஆம் என்று குவில்லன், சுஸ்லின் இருவரும் தனித்தனியே 1976-ல் முடித்தார்கள். பழைய நூலில் "செர் ஊகம்" என்று பார்த்தால், அதைப் பின்னால் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலில் முன்னோக்கிப் போங்கள்.

அறிகுறி: எங்கே என்று தெரியும், கதவு பூட்டியிருக்கிறது

காசு கொடுக்குமுன் சுற்றிப் பாருங்கள். பிரெஞ்சு இதழ்கள் பல நூம்டாம் என்ற இணையதளத்தில் இலவசம். ரஷ்ய மூலங்கள் மேத்நெட் ரஷ்யா தளத்தில். எல்செவியரின் கணித இதழ்கள் பலவற்றில் நான்கு ஆண்டு தாண்டியவை திறந்திருக்கும். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால், ஆய்விதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சும்மா கேட்பதில் தப்பில்லை. பல இடங்களில் யாரும் கேட்காததால்தான் யாரும் பதிவு செய்யவில்லை. ஆசிரியர் உயிரோடு இருந்தால் மின்னஞ்சல் போட்டால் அநேகமாக அனுப்பிவிடுவார்.

ரஷ்ய இதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இதழ் தனியாக வரும்; தொகுதி எண், பக்க எண், சில சமயம் ஆண்டுகூட மாறும். எதைப் படித்தீர்களோ அதன் பக்க எண்ணைப் போடுங்கள். பிரெஞ்சுக் கணிதம் படிக்க அகராதியும் ஒரு வாரமும் போதும். ஜெர்மனுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

அறிகுறி: தேற்றம் 3.4 என்று காட்டினீர்கள், ரெஃபரி திறந்தால் 3.4 ஒரு குறிப்பு

அச்சுக்கு முன்பே பேப்பரை இடும் ஆர்க்கைவ் தளத்துப் பதிப்பும் அச்சுப் பதிப்பும் பல சமயம் எண்ணில் ஒத்துப்போகாது. அச்சில் வந்ததைக் காட்டுங்கள். முடியாவிட்டால் எத்தனையாவது பதிப்பு என்று சேர்த்து எழுதுங்கள். இவ்வளவுதான்.

அறிகுறி: சாட்பாட் கச்சிதமாக ஒரு மேற்கோள் தந்தது, எங்கு தேடியும் அந்தப் பேப்பர் இல்லை

இருக்காது. ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, ஆண்டும் பொருத்தம், பேப்பர் மட்டும் கற்பனை. தேடுவதற்குப் புதிய சொற்கள் கேட்க அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. அது தரும் ஒவ்வொரு பெயரையும் இசட்பி மேத்தில் போட்டு, பிடிஎஃப்பைத் திறந்து, தேற்றத்தைப் பார்த்த பிறகுதான் உங்கள் மேற்கோள் பட்டியலான பிப்டெக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, எங்கும் இல்லை

ஒரு வார இறுதியை ஒதுக்கி நீங்களே நிரூபித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குள் முடிந்தால், "இதற்குத் தகுந்த மேற்கோள் எங்களுக்குக் கிடைக்காததால் நிரூபணம் தருகிறோம்" என்று எழுதிச் சேர்த்துவிடுங்கள். ரெஃபரிக்கு இடம் தெரிந்தால் அவரே சொல்லிவிடுவார், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். இப்படி எழுதினால் மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் ஏழு வாரத்தை நான் அப்படி மிச்சப்படுத்தியிருக்கலாம். அந்தப் பயிற்சிக் கணக்கின் விடை ஆறு வரி.

நிரூபிக்க முயன்று ஓர் இடத்தில் முட்டினால், அது எதிரெடுத்துக்காட்டு ஒளிந்திருக்கும் இடமாக இருக்கலாம். எல்லோரும் சொல்வது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. அங்கே நின்று சின்ன உதாரணங்களைக் கணக்கிடுங்கள்.

அதுவும் முடியவில்லை என்றால் துறை அறிந்த ஒருவருக்கு எழுதுங்கள். "அன்புள்ள பேராசிரியருக்கு" என்று தொடங்கி வாழ்க்கை வரலாறு வேண்டாம். முழு வாக்கியத்தை நிபந்தனைகளோடு எழுதுங்கள். பார்த்த இடங்கள் எவை, எது ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வரி. கேள்வி ஒன்றே ஒன்று. நான் அப்படி எழுதியவற்றில் பாதிக்குப் பதில் வந்திருக்கிறது. ஒருவர் பக்க எண்ணை மட்டும் அனுப்பினார், வணக்கம்கூட இல்லை. இன்னொருவர், "இது உண்மையா என்று நானும் இருபது வருடமாக யோசிக்கிறேன்" என்று எழுதினார். அந்த லெம்மாவை அன்றே பேப்பரிலிருந்து எடுத்துவிட்டேன்.